புளித்த மாவு முதல் நிழலில்லாத நண்பகல் வரை: கோலாலம்பூர், பினாங்கு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையல் காணொளிகளும் வீட்டுக் குறிப்புகளும் நமக்குப் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோ குளிர் நாடுகளிலிருந்தோ வருகின்றன. ஆண்டு முழுக்க வெக்கையும் ஈரமும் விடாத ஊரை நினைத்து யாரும் அவற்றை எழுதவில்லை. நேரக் கணக்கு தப்புகிறது, அளவு தப்புகிறது, பழி மட்டும் நம் கைப்பக்குவத்தின் மேல் விழுகிறது. இங்குள்ள பதில்கள் நம் ஊர்க் காற்றைக் கணக்கில் எடுத்து எழுதியவை.

இட்லி மாவை இரவு முழுக்க வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் விடிவதற்குள் பொங்கி வழிந்து புளித்துவிடுகிறது. ஏன்?

மாவைப் பொங்க வைப்பவை உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டு வரும் பாக்டீரியாக்கள். அவற்றில் முக்கியமானது லூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ். அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவை உப்ப வைக்கிறது. இந்த வேலை 30 டிகிரி செல்சியஸை ஒட்டி மிக வேகமாக நடக்கும். நம் அடுப்படி நள்ளிரவிலும் 28, 29 டிகிரியில்தான் இருக்கும். மார்கழிக் குளிரில் 12 மணி நேரம் கேட்கும் மாவு இங்கே 5 முதல் 7 மணி நேரத்தில் தயாராகிவிடும்.

இட்லி அரிசி 4 கப், முழு உளுந்து 1 கப், வெந்தயம் 1 தேக்கரண்டி என்ற அளவு இங்கும் சரியாகவே வரும். மாற்ற வேண்டியவை வேறு. உளுந்தை அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் தெளியுங்கள். மிக்சியில் அரைப்பவர்களுக்கு இது கட்டாயம். பிளேடு சுற்றும் சூட்டில் மாவு வெதுவெதுப்பாகிவிட்டால் உளுந்தின் பசை தளர்ந்து நுரையைப் பிடித்து வைக்காது, புளிப்பும் முன்கூட்டியே ஆரம்பித்துவிடும். உப்பை அரைத்தவுடனே போட்டுக் கலந்துவிடுங்கள். குளிர் ஊர்களில் உப்பைக் கடைசியில் போடச் சொல்வதற்குக் காரணம், அது புளிப்பைச் சற்றுத் தாமதப்படுத்தும் என்பதே. நமக்கு அந்தத் தாமதம்தான் தேவை. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

நேரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். இரவு 10 மணிக்கு அரைத்து வெளியே வைத்தால் விடியற்காலை 4 மணிக்கே அது முடிந்துவிட்டிருக்கும், நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள். மாலை 5 மணிக்கு அரைத்து, படுக்கப் போகும்முன் மாவு இரண்டு மடங்கானதைப் பார்த்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் எடுத்ததும் ஓயாமல் கலக்க வேண்டாம். கலக்கினால் பிடித்து வைத்த வாயு போய்விடும்.

அதிகம் புளித்த மாவில் நுரைச் சுவர்கள் உடைந்திருக்கும். அதில் இட்லி தட்டையாகத்தான் வரும். அதை ஊத்தப்பத்துக்கோ பணியாரத்துக்கோ திருப்பிவிடுவது நல்லது.

ரைஸ் குக்கருக்குச் சோறு வெந்தது எப்படித் தெரிகிறது?

சோறு வெந்ததைக் குக்கர் பார்ப்பதில்லை, தண்ணீர் தீர்ந்ததைத்தான் பார்க்கிறது. பானையில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகம் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. கொடுக்கிற சூடெல்லாம் ஆவியாக வெளியேறிவிடும். தண்ணீர் அரிசிக்குள் போய், மிச்சமும் ஆவியானதும் அடித்தகடு சட்டென்று சூடேறும். நடுவில் சுருள்கம்பி வைத்த ஒரு பொத்தான் பானையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதற்குள் இருக்கும் காந்தக் கலவை 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் காந்தத் தன்மையை இழக்கும். பிடி விட்டு நெம்புகோல் ‘டக்’ என்று மேலே துள்ளும். சாதாரண ஒற்றைப் பொத்தான் குக்கர் எல்லாம் இப்படித்தான்.

பல கோளாறுகளும் இந்த ஒரு தொடுதலில்தான் இருக்கின்றன. பானைக்கு வெளியே அடியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலே தகடும் பானையும் சரியாகப் பொருந்தாது. தகடு தனியாகச் சூடேறி, சோறு வேகுமுன் பொத்தான் துள்ளிவிடும், அல்லது ஒரு பக்கம் கருகும். ஒவ்வொரு முறையும் பானையின் அடியை உலரத் துடைத்து வைத்து, இடமும் வலமுமாக ஒரு தடவை திருகி அமர்த்துங்கள்.

மிஞ்சிய சோற்றை மறுநாள் நன்றாகப் பொரித்துவிட்டால் போதாதா?

போதாது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் இருக்கும். கொதிக்க வைத்தாலும் அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். பாக்டீரியா பின்னால் செத்தாலும் அந்த நச்சு வாணலிச் சூட்டுக்கு அழியாது. நாசி கோரேங் சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வருவதற்கு இது ஒரு காரணம். மிஞ்சிய சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, சமைத்து முடித்த ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். குக்கரில் சூடாகவே வைத்திருப்பதானால் ‘வார்ம்’ நிலை அணையாமல் இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூடியபடி இரவெல்லாம் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

தேங்காய்ப்பால் ஊற்றியதும் கறி திரிந்துபோகிறதே?

தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் மிதக்கும் எண்ணெய்த் துளிகள். ஒவ்வொரு துளியையும் சுற்றிப் புரதப் படலம் ஒன்று இருக்கிறது. 80 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கவிட்டால் அந்தப் புரதம் சுருங்கித் திரளும், எண்ணெய் வெளியே வரும். புளியும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் உடனே திரியும்.

மீன் கறிக்கு இரண்டாம் பாலில் மசாலாவையும் புளியையும் முதலில் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, கடைசியில் கெட்டிப்பாலை ஊற்றுங்கள். ஓரத்தில் சிறு குமிழி எழும் அளவுக்கு மேல் போகக் கூடாது, மூடவும் கூடாது. ஒரே திசையில் மெல்லக் கிளறிக்கொண்டே இருந்து, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். திரிந்துவிட்டால் ஒரு தேக்கரண்டி சோளமாவை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறினால் ஓரளவு சேரும். பெட்டியில் வரும் தேங்காய்ப்பாலில் பிரியாமல் இருக்க நிலைப்படுத்திகள் சேர்ப்பதால் அது இவ்வளவு தொல்லை தராது. ஆனால் ரெண்டாங்குக்கு அதுவே குறையாகிவிடும், ஏனென்றால் அங்கே எண்ணெய் பிரிய வேண்டும். மலாய்ச் சமையலில் ‘பெச்சா மிஞ்ஞாக்’ என்று சொல்லிக் காத்திருப்பது அதற்காகத்தான்.

பசாரில் பிழிந்து வாங்கும் பால் நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே புளிக்கும். சந்தைக்குப் போனால் கடைசியாக அதை வாங்கி, வீடு வந்ததும் முதலில் அதை உள்ளே வையுங்கள்.

சிலி பாடி கடித்தால் ஏன் தண்ணீர் குடித்தும் எரிச்சல் அடங்குவதில்லை?

மிளகாய்க்குக் காரம் தரும் காப்சைசின் என்ற பொருள் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் அதை வாய் முழுக்கப் பரப்புவதோடு சரி. நாக்கில் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரவென்று இருக்கும் நரம்பு வாயிலில் போய் அது ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் காரத்தை ‘எரிகிறது’ என்கிறோம். மூளைக்குப் போகும் செய்தி உண்மையிலேயே சூட்டின் செய்தி. பால், மோர், தயிர் இவற்றிலுள்ள கேசின் புரதம் காப்சைசினைப் பிடித்துக்கொண்டு போகும். ஒரு வாய் எடுத்து அரை நிமிடம் வாயிலேயே வைத்திருந்து விழுங்குங்கள்.

காரம் அதிகமாக இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். நறுக்கிய கை எரிந்தால் முதலில் சமையல் எண்ணெயைத் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மிளகாய் நறுக்கும் முன்பே லென்ஸைக் கையாண்டு முடித்துவிட வேண்டும். பறவைகளுக்கு இந்தக் காரம் உறைக்காது. தோட்டத்தில் மைனா சிலி பாடியைக் கொத்திக்கொண்டு போவது அதனால்தான். செடியும் தன் விதையை அப்படித்தான் பரப்பிக்கொள்கிறது.

டுரியான் உடம்புக்குச் சூடா? மதுவோடு சாப்பிட்டால் ஆபத்தா?

100 கிராம் சுளையில் ஏறக்குறைய 150 கிலோ கலோரி, 27 கிராம் மாவுச்சத்து, 5 கிராம் கொழுப்பு இருக்கின்றன. பழங்களுள் இது மிக அதிகம். ஒரே அமர்வில் அரைக் கிலோ தின்றால் 750 கிலோ கலோரி, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பக்கம். நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கவலை வேறு. 100 கிராமில் 430 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாவிட்டால் இதயத் துடிப்பே பாதிக்கப்படும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு சுளையும் தொடக் கூடாது.

மது விஷயத்தில், 2009-இல் ஜப்பானின் ட்சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டுரியான் சாற்றைச் சோதனைக்குழாயில் ஆராய்ந்தார்கள். மதுவின் நச்சுப் பொருளை உடைக்கும் நொதியின் வேலையை அந்தச் சாறு 70 சதவீதம் வரை குறைத்தது. கந்தகச் சேர்மங்களே காரணம் என்று கருதினார்கள். அந்த வாசனையும் கந்தகத்திலிருந்து வருவதுதான். சோதனைக்குழாயில் கண்டது மனித உடம்பிலும் அதே அளவில் நடக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் இரண்டையும் ஒரே வேளையில் சேர்க்காமல் இருப்பதே விவேகம்.

பத்துமலை வௌவாலுக்கும் டுரியானுக்கும் என்ன சம்பந்தம்?

வௌவால் இல்லாவிட்டால் காய் மிகக் குறையும். டுரியான் பூ பிற்பகல் கடந்து விரியும், இரவில் தேன் சுரக்கும், விடிவதற்குள் இதழ்கள் உதிர்ந்துவிடும். பகலில் வரும் பூச்சிகளுக்கு அது கிடைக்காது. இருட்டில் வந்து தேன் குடிப்பது குகையில் வாழும் தேன் வௌவால். ஒரு மரத்தில் முகமெல்லாம் மகரந்தத்தை அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். டுரியான் பெரும்பாலும் இன்னொரு மரத்தின் மகரந்தத்தைத்தான் ஏற்கும் என்பதால் இந்தப் பயணம் முக்கியம்.

பத்துமலையில் படிக்கட்டுக்குப் பக்கத்திலுள்ள இருட்டுக் குகை இந்த வௌவால்களின் வீடு. ஒரே இரவில் பல பத்து கிலோமீட்டர் பறந்து திரும்பக்கூடியவை. டுரியான் பூக்காத மாதங்களில் பெத்தாய் மரத்தின் பூப்பந்துகள், வாழைப்பூ, கடலோரச் சதுப்புநிலத்தின் பெரெம்பாங் மரப்பூ என்று தேடிப் போகும். கோல சிலாங்கூரில் மின்மினிகள் கூட்டமாக மினுக்குவதும் அந்தப் பெரெம்பாங் மரங்களில்தான். சதுப்பை அழித்தால் மின்மினிக்கு இடமில்லை, வௌவாலுக்கும் உணவில்லை, தோட்டத்தில் காய்ப்பும் குறையும்.

காலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பார்த்து ‘வௌவால் நாசம் செய்துவிட்டது’ என்று வலை கட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து கட்ட வேண்டாம். உதிர்ந்தது இதழ்தான், பிஞ்சு மேலேயே இருக்கிறது.

மதுரையில் 38 டிகிரியைத் தாங்கியவர்கள் இங்கே 33 டிகிரியில் ஏன் துவண்டுவிடுகிறார்கள்?

வியர்வை வழிந்து ஓடுவதால் உடம்பு குளிர்வதில்லை, ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கிலோ கலோரி சூட்டைக் கொண்டுபோகும். நெற்றியிலிருந்து சொட்டி விழுந்த துளி எதையும் கொண்டுபோகவில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி வைத்தால் இது எண்ணிலேயே தெரியும். 38 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் அது 24 காட்டும். 33 டிகிரியும் 70 சதவீதமும் உள்ள காற்றில் 28 காட்டும். உடம்பு உணர்வது இந்த ஈரத்துணி வெப்பமானி காட்டும் எண்ணுக்கு நெருக்கமானது.

மின்விசிறி தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிட்டு ஆவியாவதற்கு வழி விடுகிறது. அறையை அது குளிர்விப்பதில்லை, அதன் மோட்டார் சிறிது சூட்டையே சேர்க்கிறது. ஆளில்லாத அறையில் ஓடவிடுவது வீண். வேர்க்குரு வருவது வியர்வைக் குழாய் அடைபடுவதால். ஈரத்தோலில் பவுடரை அப்பினால் அது கெட்டிப்பட்டு அடைப்பை அதிகமாக்கும்.

ஏர்கோனிலிருந்து வீட்டுக்குள் தண்ணீர் ஒழுகுகிறது. கேஸ் போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். முதலில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 27 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு கனமீட்டர் காற்றில் 20 கிராம் நீராவி இருக்கும். அதை 24 டிகிரி, 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 12 கிராம்தான் மிஞ்சும். ஒரு சிறிய படுக்கையறைக் காற்றிலிருந்து மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் வடியும். கதவிடுக்கு வழியே ஈரக்காற்று தொடர்ந்து வருவதால் அது நிற்காமல் வடிந்துகொண்டே இருக்கும்.

அந்தத் தண்ணீர் குளிர்ச்சுருளின் கீழுள்ள தட்டில் விழுந்து வடிகுழாய் வழியே வெளியேற வேண்டும். குழாயில் பாசி போன்ற வழவழப்பு அடைத்தால் தட்டு நிரம்பி சுவரில் ஒழுகும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெளியே தெரியும் குழாய் முனையில் ஈரமும் உறிஞ்சும் வாக்யூமை வைத்துத் துணியால் சுற்றி ஒரு நிமிடம் இழுத்தால் அடைப்பு பெரும்பாலும் வந்துவிடும். தூசு வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். அது அடைந்தால் காற்றோட்டம் குறைந்து சுருளில் பனிக்கட்டி பிடிக்கும், நிறுத்தியதும் மொத்தமாக உருகிக் கொட்டும். வடிகட்டி சுத்தமாக இருந்தும் பனி பிடித்தால் அப்போதுதான் கேஸ் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். கேஸ் தானாகத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்புவது காசுக்குக் கேடு.

இடி இடித்தால் இ.எல்.சி.பி. விழுந்துவிடுகிறது. அதைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கலாமா?

கூடவே கூடாது. வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வித்தியாசம் வந்தால் எங்கோ, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, மின்சாரம் நிலத்துக்குப் போகிறது. உடனே துண்டித்துவிடும். வீடு முழுக்கப் பொதுவான கருவி பெரும்பாலும் 100 மில்லிஆம்பியரில் விழும். குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியரில் விழும் தனிக் கருவி வேண்டும்.

அருகில் மின்னல் இறங்கினால் கம்பிகளில் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் மின்னழுத்தம் எகிறும், அதில் ஒரு பகுதி நிலத்துக்குப் பாயும். கருவி விழுந்தது அதற்காக. மீண்டும் தூக்கினால் நிற்குமானால் பயமில்லை. நிற்காவிட்டால் ஒவ்வொரு மின்பாதைக்கும் தனித்தனியாக உள்ள சிறு சுவிட்சுகளான எம்.சி.பி.கள் எல்லாவற்றையும் இறக்கி, பிளக்குகளைக் கழற்றி, கருவியைத் தூக்கிவிட்டு, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தப் பாதையில்தான் குற்றம். நம் ஊரில் அது பெரும்பாலும் மழைநீர் புகுந்த வெளிவிளக்கு, அல்லது பழைய ஹீட்டர். எல்லாம் இறக்கியும் நிற்காவிட்டால் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனைத்தான் கூப்பிட வேண்டும். கருவியிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழாத கருவி உங்களைக் காப்பாற்றாது.

வெளியூர் போயிருக்கும்போது விழுந்துவிட்டால், திறக்காத குளிர்சாதனப் பெட்டி 4 மணி நேரம் தாங்கும். நிரம்பிய உறைபெட்டி 48 மணி நேரம் தாங்கும்.

மழை இன்னும் வரவில்லை, ஆஸ்ட்ரோ படம் மட்டும் ஏன் முன்னாலேயே போய்விடுகிறது?

ஆஸ்ட்ரோ படத்தைத் துணைக்கோளிலிருந்து கொண்டுவரும் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். பெரிய மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கும். துணைக்கோள் நமக்கு மேற்கே, கிழக்குத் தீர்க்கரேகை 91.5 டிகிரிக்கு நேர் மேலே நிற்கிறது. கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் அடிவானத்திலிருந்து 77 டிகிரி உயரம். தட்டு பார்க்கும் பாதை மேகத்தைத் தொடும் இடம் உங்கள் கூரைக்கு ஒரு கிலோமீட்டர் மேற்கே. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் மழை அந்த இடத்தை முதலில் எட்டுகிறது. தட்டைத் திருப்பிப் பயனில்லை, காத்திருக்க வேண்டியதுதான்.

தண்ணீரைக் கொட்டிவிட்டோம். பிறகும் ஏடிஸ் கொசு எப்படி வந்தது?

முட்டை தண்ணீரில் இல்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி நனைந்தவுடன் பொரிக்கும். நம் வெக்கையில் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை கொட்டுவதோடு சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூந்தொட்டித் தட்டு, சாமி மேடைப் பூச்சாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள சொட்டுத்தட்டு, மணிபிளாண்ட் பாட்டில் இவைதான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். கொட்ட முடியாத தொட்டிக்கு கொசுப்புழுவைக் கொல்லும் ஒரு சதவீத அபேட் குருணை, 10 லிட்டருக்கு 1 கிராம்.

காய்ச்சல் வந்தால், அது ஏடிஸ் பரப்பும் டெங்கியாக இருக்கலாம் என்பதால், பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபனும் இரத்தக் கசிவை மோசமாக்கும். காய்ச்சல் இறங்கும் நாளைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும், ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், அசதி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பல்லி கூரையிலிருந்து ஏன் விழுவதில்லை?

அதன் காலில் பசை இல்லை. விரலடியில் லட்சக்கணக்கான நுண்மயிர்கள், ஒவ்வொன்றும் நுனியில் நூற்றுக்கணக்காகப் பிரிந்திருக்கும். அவ்வளவு நெருக்கத்தில் மூலக்கூறுகளுக்கிடையே உள்ள மெல்லிய ஈர்ப்பே ஒட்ட வைக்கிறது. விரலை நுனியிலிருந்து உரித்தெடுப்பதால் காலை எளிதில் விடுவிக்கவும் முடிகிறது. உலர்ந்த டெஃப்லான் பூச்சில் மட்டும் வழுக்கும்.

உச்சிவெயில் ஏன் 12 மணிக்கு வருவதில்லை? ராகு காலம் அப்போது எப்படிப் பார்ப்பது?

தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முந்திய கடிகாரத்தை வைத்திருக்கிறது. கோலாலம்பூரின் இருப்பிடப்படி பார்த்தால் 6 மணி 47 நிமிடம்தான். அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1.15 வாக்கில். சூரியன் நேர் தலைக்கு மேலே வருவது ஆண்டில் இரண்டே நாள். கோலாலம்பூரில் மார்ச் 28, செப்டம்பர் 15-ஐ ஒட்டி, பினாங்கில் ஏப்ரல் 3, செப்டம்பர் 9-ஐ ஒட்டி. அன்று அந்த நேரத்தில் ஒரு டின்னை வெயிலில் நிற்க வைத்தால் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள்.

ராகு காலம் என்பது சூரிய உதயத்திலிருந்து மறைவு வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்த ஒரு கூறு. திங்கட்கிழமை 7.30 முதல் 9 என்பது 6 மணிக்கு உதயமாகும் ஊரின் கணக்கு. இங்கே உதயம் பெரும்பாலும் 7 மணிக்கு மேல். உதயம் 7.15 என்றால் திங்களன்று ராகு காலம் 8.45-க்குத் தொடங்கி 10.15-க்கு முடியும். இந்தியாவில் அச்சான நாட்காட்டியை அப்படியே பின்பற்றினால், தவிர்க்க நினைத்த நேரத்திலேயே காரியத்தைத் தொடங்கியிருப்பீர்கள்.